ரிலே பேனலிலிருந்து பி.எல்.சி. வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிப்ளமோ முடித்துவிட்டு ஆலைப் பராமரிப்புப் பிரிவில் சேரும் இளைஞர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நான்கு வரி போதும். சிலவற்றுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

பி.எல்.சி.யும் ஒரு கணினிதானே? அதற்கு ஏன் தனிப்பெயர்?

சென்சார், நகரும் பாகம் வந்து தொட்டால் இயங்கும் லிமிட் சுவிட்ச், பொத்தான் முதலியவற்றிலிருந்து வரும் மின் சமிக்ஞைகளை வாங்கி, தன்னுள் ஏற்றப்பட்ட நிரலின்படி முடிவெடுத்து, மோட்டாரை மின்சாரத்தோடு இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரையும் மின்சாரத்தால் திறந்து மூடும் சாலினாய்டு வால்வையும் விளக்கையும் இயக்கும் கருவி பி.எல்.சி., அதாவது புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர். உள்ளே பிராசஸரும் நினைவகமும் இருப்பதால் அதைக் கணினி என்று சொல்வதில் பிழையில்லை. ஆனால் மேசைக் கணினியிடம் யாரும் எதிர்பார்க்காத மூன்றை இதனிடம் எதிர்பார்க்கிறோம். எண்ணெய்ப் புகையும் உலோகத் தூளும் அதிர்வும் நிறைந்த இடத்தில், சூடேறிய பேனலுக்குள், ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டும். ஒவ்வொரு வேலைச் சுற்றையும் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முடியாமற்போனால் அதைத் தானே கண்டறிந்து வெளியீடுகளை அணைத்துவிட வேண்டும். மூன்றாவதாக, இரவு ஷிப்டில் தனியாக நிற்கும் எலக்ட்ரீஷியன், அதைத் திறந்து பார்த்தால் இயந்திரம் ஏன் நின்றது என்று அவருக்குப் புரிய வேண்டும். இந்தக் கருவியை வாழவைத்தது முதல் இரண்டைவிட மூன்றாவதுதான் என்பது என் கணிப்பு. கீழே பல பதில்கள் அங்கேதான் போய் நிற்கும்.

பெயரைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் பலரும் இதை ‘புரோகிராமபிள் கன்ட்ரோலர்’ என்றும், சுருக்கமாக பி.சி. என்றும்தான் எழுதினார்கள். பிறகு தனிநபர் கணினி வந்து அந்த இரண்டெழுத்தை எடுத்துக்கொண்டது. ஆலன்-பிராட்லி நிறுவனம் தன் கருவிகளுக்கு வைத்திருந்த பி.எல்.சி. என்ற பெயரே எல்லாருக்கும் பொதுவாகிப்போனது.

அதற்கு முன்பு இயந்திரங்களை எது கட்டுப்படுத்தியது?

ரிலேக்கள். ஒரு காயிலுக்கு மின்சாரம் கொடுத்தால் அது காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும்; தகடு நகரும்போது சில கான்டாக்டுகள் மூடும், சில திறக்கும். சும்மா இருக்கும்போது திறந்திருப்பது என்.ஓ., மூடியிருப்பது என்.சி. இந்த இரண்டையும் தொடராகவும் பக்கவாட்டாகவும் இணைத்தாலே ‘இதுவும் அதுவும் இருந்தால்’, ‘இதுவோ அதுவோ இருந்தால்’, ‘இது இல்லாவிட்டால்’ என்ற எல்லா நிபந்தனைகளையும் கட்டிவிடலாம். பெரிய கார் ஆலையின் ஒரே ஓர் உற்பத்தி வரிசைக்கு நூற்றுக்கணக்கான ரிலேக்கள் தேவைப்பட்டன. அவற்றைத் தாங்கிய இரும்பு அலமாரிகள் சுவர் நீளத்துக்கு நின்றன.

தொல்லை இரண்டு வகை. முதலாவது தேய்மானம். மின்சுமையோடு ஒரு கான்டாக்ட் பத்து லட்சம் முறை மூடித் திறக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வினாடிக்கு ஒருமுறை வேலை செய்யும் இயந்திரத்தில், மூன்று ஷிப்டும் ஓடினால், ஒரு நாளைக்கு 43,200 முறை ஆகிறது. பத்து லட்சம் 23 நாளில் தீர்ந்துவிடும். நூற்றுக்கணக்கான ரிலேக்களில் எது கருகியது என்று மல்டிமீட்டரோடு தேடுவதே ஒரு பிழைப்பாக இருந்தது. இரண்டாவது தொல்லை மாற்றம். அமெரிக்க கார் நிறுவனங்கள் ஏறத்தாழ ஆண்டுதோறும் மாடலை மாற்றின. வேலை வரிசை மாறினால் வயரிங் மாற வேண்டும். பல நேரங்களில் பழைய பேனலைப் பிரித்து மாற்றுவதைவிட அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது கட்டுவதே மலிவாக முடிந்தது.

1968-இல் என்ன நடந்தது?

ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி செய்யும் பிரிவு, ரிலே பேனல்களுக்கு மாற்றாக ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டுமென்று தயாரிப்பாளர்களிடம் கேட்டது. எட்வர்டு கிளார்க் என்ற பொறியாளர் எழுதிய அறிக்கை அதற்கு அடிப்படை. அந்தப் பிரிவின் பெரிய ஆலை மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாந்தி அருகே வில்லோ ரன் என்ற இடத்தில் இருந்தது. போர்க்காலத்தில் ஃபோர்டு நிறுவனம் பி-24 குண்டுவீச்சு விமானங்களைக் கட்டிய அதே கட்டடம் அது; லிவோனியாவில் இருந்த கியர்பெட்டி ஆலை 1953-இல் தீக்கிரையானதும் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கே இடம் மாறியது.

அவர்கள் கேட்டவற்றைப் படித்தால், கேட்டவர்கள் பேனலோடு மல்லுக்கட்டியவர்கள் என்பது தெரிந்துவிடும். நிரலை ஆலையிலேயே எளிதாக எழுதவும் மாற்றவும் முடிய வேண்டும். பழுது பார்ப்பது எளிதாக இருக்க வேண்டும். ரிலே பேனலைவிடச் சிறியதாகவும் நம்பகமானதாகவும் இருக்க வேண்டும். 115 வோல்ட் மாறுமின்னோட்டத்தை நேரடியாக உள்ளே வாங்க வேண்டும். அதே மின்னழுத்தத்தில் குறைந்தது 2 ஆம்பியரை வெளியே கொடுக்க வேண்டும். நினைவகம் 4,000 சொற்கள் (நினைவகத்தின் அளவலகு) வரையேனும் விரியக்கூடியதாக இருக்க வேண்டும். விலை ரிலேயோடு போட்டியிட வேண்டும். 115 வோல்ட்டைத்தான் கவனிக்கச் சொல்வேன். இயந்திரத்தில் ஏற்கெனவே இருக்கும் சுவிட்சையும் வால்வையும் கழற்றாமல், நடுவில் உள்ள அலமாரியை மட்டும் எடுத்துவிட்டுப் புதிய பெட்டியை வைக்க வேண்டும் என்பதே அந்த ஒரு வரியின் பொருள்.

பி.எல்.சி.யைக் கண்டுபிடித்தவர் யார்?

பெரும்பாலான நூல்கள் ரிச்சர்டு மோர்லியைச் சொல்லும். நண்பர்களுக்கு அவர் டிக் மோர்லி. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெட்ஃபோர்டில் இயங்கிய பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் என்ற சிறு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தின் பங்காளி அவர். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரியான கட்டுப்பாட்டு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து சலித்துப்போய், 1968 ஜனவரி முதல் தேதி, புத்தாண்டுக் கொண்டாட்டத்தின் தலைவலி தீராத நிலையில், பொதுவான ஒரு கருவியின் குறிப்பை எழுதினேன் என்று அவரே பிற்காலத்தில் சொல்லி வந்தார். அந்தக் குறிப்பு கருவியானபோது அது நிறுவனத்தின் 84-ஆவது திட்டம். ஆகவே பெயர் 084. அதைத் தயாரித்து விற்பதற்காகத் தொடங்கிய நிறுவனம் மோடிகான். 084-இல் விசிறி இல்லை, வெளிக்காற்று உள்ளே புகவும் வழியில்லை. ஆலைத் தூசியைச் சுவாசிக்கும் பெட்டி பிழைக்காது என்று கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஹைட்ராமேட்டிக் ஆலைக்கு 1969-இல் போன 084-களில் ஒன்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடி ஓய்வு பெற்றது. அதன்பின் ஜெனரல் மோட்டார்ஸ் அதை மோடிகானுக்கே நினைவுப்பொருளாகக் கொடுத்தது. ஆனால் சந்தையில் வென்றது 084 அல்ல. வேகமும் நினைவகமும் குறைவான அந்த முதல் மாடலின் குறைகளைத் தீர்த்து, மைக்கேல் கிரீன்பெர்க் வடிவமைத்து 1973-இல் வந்த 184தான் நிறுவனத்தை நிமிர்த்தியது.

இன்னொரு பெயரையும் விட்டுவிடக் கூடாது. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓடோ ஸ்ட்ரூகர், ஆலன்-பிராட்லியில் இதே காலத்தில் இதே வேலையில் இருந்தார். பி.எல்.சி. என்ற சொல்லோடு இணைத்துப் பேசப்படுவது அவர் பெயர்தான். ‘தந்தை’ யார் என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. தேவையை எழுதிக் கொடுத்த ஆலைப் பொறியாளர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தால் கணக்கு நேராகும்.

அந்தப் போட்டியில் கணினி நிறுவனங்கள் ஏன் வெல்லவில்லை?

டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷன் அப்போது சிறுகணினித் துறையின் முன்னோடி. அதுவும் ஜெனரல் மோட்டார்ஸுக்காக பி.டி.பி.-14 என்ற கருவியைக் கொடுத்தது. வேலை செய்தது. ஆனால் அதன் நிரல் ‘மற்றும்’, ‘அல்லது’, ‘இல்லை’ என்று நிபந்தனைகளை எழுதும் பூலியன் சமன்பாடுகளாக எழுதப்பட்டு, வேறொரு கணினியில் சரிபார்க்கப்பட்டு, பின்னர் கம்பிகளாகப் பின்னப்பட்ட நிரந்தர நினைவகமாக அந்த நிறுவனத்தின் தொழிற்சாலையில் செய்யப்பட்டு வர வேண்டியிருந்தது. இரவு இரண்டு மணிக்கு ஒரு லிமிட் சுவிட்ச் இடம் மாறியதால் நிரலில் ஒரு நிபந்தனையை மாற்ற வேண்டுமென்றால், பின்னிய நினைவகத்தை வைத்துக்கொண்டு எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? மோடிகானோ அவருக்கு முன்பே தெரிந்த படத்தைத் திரும்பக் காட்டியது. அடுத்த கேள்வி அந்தப் படத்தைப் பற்றியதுதான்.

லேடர் என்பது என்ன? ஐம்பது ஆண்டு கடந்தும் ஏன் அதையே கற்றுக்கொடுக்கிறார்கள்?

ரிலே காலத்து வயரிங் வரைபடம் ஏணி போல இருக்கும். இடப்பக்கச் செங்குத்துக் கோடு மின்சாரம் வரும் வழி, வலப்பக்கக் கோடு திரும்பும் வழி, நடுவில் ஒவ்வொரு படியிலும் சில கான்டாக்டுகள், படியின் கடைசியில் ஒரு காயில். வழியில் உள்ள எல்லாக் கான்டாக்டும் மூடியிருந்தால் காயில் வேலை செய்யும். பி.எல்.சி. இந்தப் படத்தை அப்படியே திரையில் வரைய விட்டது. அது கம்பி இல்லாத கம்பிப்படம். இயந்திரம் ஓடும்போது திரையைப் பார்த்தால், மின்சாரம் பாயும் படிகள் நிறம் மாறித் தெரியும். எந்தக் கான்டாக்டில் நிறம் நின்றுபோகிறதோ அங்கேதான் பழுது.

எல்லாரும் முதலில் கற்கும் படியை எடுத்துக்கொள்வோம். ஸ்டார்ட் பொத்தான், அதற்குப் பக்கவாட்டில் மோட்டார் கான்டாக்டரின் துணைக் கான்டாக்ட், இரண்டுக்கும் பின்னால் தொடராக ஸ்டாப் பொத்தான், கடைசியில் மோட்டார் காயில். ஸ்டார்ட்டை அழுத்தினால் கான்டாக்டர் மூடும். மூடியதும் துணைக் கான்டாக்ட் தானே வழியைப் பிடித்துக்கொள்ளும். விரலை எடுத்தாலும் மோட்டார் ஓடும். ஸ்டாப்பை அழுத்தினால் வழி அறுந்து எல்லாம் விழும். மின்சாரம் போய்த் திரும்பி வந்தாலும், யாராவது ஸ்டார்ட்டை அழுத்தும்வரை மோட்டார் கிளம்பாது. ஒரே படியில் இவ்வளவு அறிவு அடங்கியிருக்கிறது.

இந்தப் படியை பி.எல்.சி.யில் எழுதும்போது புதியவர்களில் பாதிப்பேர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஸ்டாப் பொத்தானை என்.சி.யாக வயர் செய்திருக்கிறோம், ஆனால் நிரலில் என்.ஓ. கான்டாக்டாக வரைந்திருக்கிறார்களே, இது தவறில்லையா என்று கேட்பார்கள். தவறில்லை. நிரலில் உள்ள என்.ஓ. குறி பொத்தானின் வடிவத்தைக் குறிக்கவில்லை. ‘இந்த உள்ளீட்டில் இப்போது மின்னழுத்தம் இருக்கிறதா’ என்ற கேள்வியைக் குறிக்கிறது. யாரும் ஸ்டாப்பை அழுத்தாதபோது என்.சி. வழியாக 24 வோல்ட் வந்துகொண்டிருக்கும்; கேள்விக்கு விடை ‘ஆம்’; வழி அறாமல் இருக்கும். அழுத்தினாலோ, எலி கம்பியைக் கடித்தாலோ, டெர்மினல் திருகு தளர்ந்தாலோ விடை ‘இல்லை’ ஆகி மோட்டார் நின்றுவிடும். ஸ்டாப்பை என்.ஓ.வாக வயர் செய்திருந்தால், கம்பி அறுந்தது யாருக்கும் தெரியாமல் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். தேவைப்படும் அன்றுதான் பொத்தான் செத்துக்கிடப்பது தெரியவரும்.

ஸ்கேன் என்றால் என்ன?

பி.எல்.சி. ஒரு சுற்றில் மூன்று வேலை செய்கிறது. எல்லா உள்ளீடுகளையும் ஒருசேரப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். நிரலை மேலிருந்து கீழ்வரை ஓட்டும். முடிவுகளை ஒருசேர வெளியீடுகளுக்கு அனுப்பும். மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். இந்தச் சுற்றுக்கு ஆகும் நேரமே ஸ்கேன் நேரம். இன்றைய கருவிகளில் பல நிரல்கள் சில மில்லிவினாடிக்குள் முடிந்துவிடும்; பழையவற்றில் பத்து, இருபது என்று போகும். குறித்த வரம்பைத் தாண்டினால் வாட்ச்டாக் என்ற காவல் கடிகாரம் கருவியை நிறுத்திவிடும்.

இது தெரியாவிட்டால் இரண்டு பழுதுகளில் கட்டாயம் சிக்குவீர்கள். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் கன்வேயரில் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள தகடு சென்சாரைக் கடந்தால், சமிக்ஞை 5 மில்லிவினாடிதான் நிற்கும். உங்கள் ஸ்கேன் 12 மில்லிவினாடி என்றால், இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே அந்தத் தகடு வந்து போயே விட்டிருக்கும். சென்சாரின் விளக்கு எரிவதைக் கண்ணால் பார்ப்பீர்கள்; எண்ணிக்கை மட்டும் குறையும். அதிவேக எண்ணிக்கைக்கென்று உள்ள தனி உள்ளீட்டுக்கு அந்தக் கம்பியை மாற்றுவதே தீர்வு. இன்னொன்று, ஒரே வெளியீட்டுக் காயிலை நிரலில் இரண்டு இடங்களில் எழுதுவது. ஸ்கேனில் கடைசியாக வருவதே வெல்லும். மேலே உள்ள படி பச்சையாகத் தெரிந்தாலும் வால்வு அசையாது. ரிலே பேனலில் இப்படி நடக்காது. லேடர் கம்பிப்படத்தைப் போலத் தோன்றினாலும், கம்பியில் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும், இங்கே ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். லேடரின் பெரிய பொய் இதுதான்.

மைக்ரோபிராசஸர் வந்தபின் என்ன மாறியது?

1970-களில் மைக்ரோபிராசஸர் வந்ததும் கருவி சிறுத்தது, விலை இறங்கியது, திறந்து மூடுவது மட்டுமே தெரிந்திருந்த பெட்டி கணக்குப் போடத் தொடங்கியது. வெப்பநிலை, அழுத்தம் போன்ற தொடர் அளவுகளை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக வாங்கி, வேண்டிய அளவிலிருந்து உள்ள விலகலைப் பார்த்துத் தொடர்ந்து திருத்தும் பி.ஐ.டி. முறையில் கட்டுப்படுத்த முடிந்தது. பூஜ்ய அளவுக்கு ஏன் 4 மில்லி ஆம்பியர் என்று கேட்பவர்களுக்கு மேலே சொன்ன ஸ்டாப் பொத்தானையே விடையாகச் சொல்வேன்: கம்பி அறுந்தால் மின்னோட்டம் உண்மையான பூஜ்யம் ஆகிவிடும், அளவு குறைந்ததா கம்பி போனதா என்ற குழப்பம் வராது.

தீமையும் வந்தது. அழியா நினைவகத்துக்குப் பதிலாகப் பேட்டரி தாங்கும் ரேம் நினைவகம் பரவியது. நான் பணிபுரிந்த ஓர் ஆலையில் பேட்டரி எச்சரிக்கை விளக்கு எரிந்ததைப் பார்த்து, பொறுப்புமிக்க உதவியாளர் ஒருவர், பாதுகாப்பு விதிப்படி மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, அட்டை தொங்கவிட்டு, அதன்பின் பேட்டரியைக் கழற்றினார். மின்சாரமும் இல்லை, பேட்டரியும் இல்லை; நிரல் முழுவதும் அழிந்துபோனது. மின்சாரம் இருக்கும்போதே மாற்ற வேண்டிய பேட்டரி அது. பீரோவில் இருந்த பழுப்பேறிய காகித அச்சை வைத்துக்கொண்டு ஒன்றரை நாள் உட்கார்ந்து தட்டச்சு செய்தோம். அந்த அச்சில் கடைசி மூன்று மாற்றங்கள் இல்லை என்பது இயந்திரத்தை ஓட்டியபோதுதான் தெரிந்தது.

ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இதே கதைதானா?

வழி வேறு. ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் சிமாடிக் என்ற பெயரை 1958-லேயே பதிவு செய்துவிட்டது. அப்போது அது டிரான்சிஸ்டர் தொகுதிகளை வயரால் இணைத்துக் கட்டுவது. நிரலால் இயங்கும் எஸ்3 1973-லும், உலகெங்கும் பரவிய எஸ்5 1979-லும், அதன் வாரிசான எஸ்7 1990-களின் நடுவிலும் வந்தன. அமெரிக்கர்கள் லேடரையே பிடித்துக்கொண்டிருக்க, ஜெர்மானியர்கள் வரிவரியாகக் கட்டளை எழுதும் முறையை விரும்பினார்கள். இறக்குமதி செய்த ஜெர்மன் இயந்திரத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வேடிக்கை நினைவிருக்கும்: ஆங்கிலக் குறியீட்டில் ‘ஏ’ என்றால் ‘மற்றும்’ என்ற கட்டளை, ஜெர்மன் குறியீட்டில் அதே எழுத்து வெளியீட்டைக் குறிக்கும், ‘மற்றும்’ என்பதற்கு ‘யு’. எந்தக் குறியீட்டில் அச்சிட்டார்கள் என்று பார்க்காமல் படிக்கத் தொடங்கினால் தலைகால் புரியாது.

ஜப்பானில் மிட்சுபிஷியும் ஓம்ரானும் சின்னஞ்சிறு கருவிகளில் கவனம் வைத்தன. பத்து ரிலே மட்டுமே உள்ள சிறிய பொதி இயந்திரத்துக்குக்கூட பி.எல்.சி. போடுவது கட்டுப்படியாகும் என்ற நிலை அதனால் வந்தது.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு மொழி என்றால் எப்படிக் கற்பது?

அந்தக் குறைக்காகவே பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1993-இல் ஒரு தரத்தை வெளியிட்டது. இன்று அதன் எண் 61131-3. லேடர், செயற்கட்டப் படம், கட்டளைப் பட்டியல், கட்டமைப்பு உரை என்று நான்கு மொழிகளோடு, படிநிலைகளாக வரையும் வரிசைப் படத்தையும் அது வகுத்தது. ஐந்தாவதற்கு மூலம் பிரான்சில் 1970-களில் உருவான கிராஃப்செட். கட்டளைப் பட்டியல் 2013 பதிப்பிலேயே கைவிடத்தக்கது என்று குறிக்கப்பட்டது. தரம் வந்ததால் ஒரு நிறுவனத்தின் நிரலை அப்படியே இன்னொன்றில் ஏற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், அது நடக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கற்றவர் இன்னொன்றைச் சில வாரங்களில் பழகிக்கொள்ள முடிகிறது.

என்னைக் கேட்டால், லேடரையும் கட்டமைப்பு உரையையும் கற்றுக்கொள்ளுங்கள். இன்டர்லாக்குகளை, அதாவது ஒன்று சரியாக இல்லாதபோது இன்னொன்று நடக்காமல் தடுக்கும் நிபந்தனைகளை, லேடரில் எழுதுங்கள். கணக்குகளையும் அட்டவணைகளையும் உரையில் எழுதுங்கள். கல்லூரியில் நன்றாக நிரல் கற்றவர்கள் எல்லாவற்றையும் உரையிலேயே எழுதிவிடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் வால்வு ஏன் திறக்கவில்லை என்று தேடுபவர் அவராக இருக்கப்போவதில்லை.

மோட்பஸ் இவ்வளவு பழையதாக இருந்தும் ஏன் இன்னும் எல்லா இடத்திலும் இருக்கிறது?

மோடிகான் 1979-இல் வெளியிட்ட தகவல்தொடர்பு முறை அது. ஒருவர் கேட்பார், மற்றவர் பதில் சொல்வார்; கேட்காமல் யாரும் பேச மாட்டார்கள். விதிமுறை வெளிப்படையாகக் கிடைத்தது, எளிமையாக இருந்தது. மீட்டர் செய்பவரிலிருந்து டிரைவ் செய்பவர்வரை எல்லாரும் சேர்த்துக்கொண்டார்கள். கடவுச்சொல்லோ அடையாளச் சோதனையோ அதில் கிடையாது; கம்பியைத் தொட முடிந்தவர் எல்லாம் நம்மவர் என்று நம்பிய காலத்துப் படைப்பு. பிறகு ப்ரோஃபிபஸ், ப்ரோஃபிநெட், ஈதர்கேட் என்று வேகமானவை பல வந்தன. ஆனாலும் புதிதாக வாங்கிய எரிசக்தி மீட்டரின் கையேட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது மோட்பஸ் முகவரி அட்டவணைதான்.

எமர்ஜென்சி ஸ்டாப்பை பி.எல்.சி. வழியாகக் கொடுக்கலாமா?

சாதாரண பி.எல்.சி. வழியாக மட்டும் கொடுக்கக் கூடாது. அதன் வெளியீட்டு டிரான்சிஸ்டர் மூடிய நிலையிலேயே பழுதாகக்கூடும். அப்போது நிரல் ‘நிறுத்து’ என்றாலும் மோட்டார் நிற்காது. நீண்ட காலம் இதற்குத் தனி வயரிங்கும் பாதுகாப்பு ரிலேயும் மட்டுமே ஏற்கப்பட்டன. 1990-களில் இயந்திரங்களுக்கான பாதுகாப்பு பி.எல்.சி.கள் பரவின, இவற்றின் முன்னோடிகளில் ஒன்று ஜெர்மனியின் பில்ஸ் நிறுவனம். இவை ஒரே கணக்கை இரண்டு வழிகளில் போட்டு ஒப்பிடும், வெளியீட்டை நொடிக்குப் பலமுறை சோதிக்கும், ஐயம் வந்தால் அணைத்துவிடும். சட்டமும் தரமும் மெல்ல மெல்ல இவற்றை ஏற்றுக்கொண்டன. மஞ்சள் நிறக் கார்டு பொருத்திய கருவியைக் கண்டால், அதன் நிரலை அனுமதியின்றித் தொடாதீர்கள்.

ஸ்டக்ஸ்நெட் பற்றிக் கேள்விப்பட்டேன். எங்கள் ஆலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

2010-இல் வெளிச்சத்துக்கு வந்த அந்த நச்சுநிரல், ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டும் ஆலையைக் குறிவைத்தது என்பது ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. சீமென்ஸ் எஸ்7 வகைக் கருவிகளில் சிலவற்றை மட்டுமே அது தேடியது. சுழலிகளை ஓட்டிய அதிர்வெண் மாற்றிகள் 1,064 ஹெர்ட்ஸை ஒட்டி இயங்க வேண்டியவை. அவற்றைச் சிறிது நேரம் 1,410-க்கு ஏற்றியும் 2-க்கு இறக்கியும் கெடுத்தது. அதைவிட முக்கியமாக, பொறியாளரின் கணினியில் பி.எல்.சி.யோடு பேசும் மென்பொருள் நூலகத்தையே அது மாற்றி வைத்தது. பொறியாளர் நிரலைத் திறந்து பார்த்தால் பழைய, சுத்தமான நிரலே திரையில் தெரியும். கருவிக்குள் ஓடியது வேறு.

இதை நான் ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்தால் உண்மை தெரியும் என்பதன்மேல்தான் இந்தக் கருவியே நின்றது. ஸ்டக்ஸ்நெட் கைவைத்தது அந்த நம்பிக்கையின் மேல். உங்கள் ஆலையை எந்த நாடும் குறிவைக்கப்போவதில்லை. ஆனால் ஒப்பந்தக்காரரின் லேப்டாப்பை அப்படியே நெட்வொர்க்கில் செருக விடுவது, பி.எல்.சி.யின் சாவியை எப்போதும் நிரல் ஏற்றும் நிலையிலேயே வைத்திருப்பது, மூல நிரலின் படியைத் தனியாகப் பூட்டி வைக்காதது ஆகிய மூன்றையும் இன்றே நிறுத்தலாம்.

சாதாரணக் கணினியோ கிளவுடோ பி.எல்.சி.யை ஒழித்துவிடும் என்கிறார்களே?

1990-களிலிருந்தே சொல்கிறார்கள். விண்டோஸ் கணினியில் ஓடும் மென்பொருள் பி.எல்.சி. அப்போதே வந்தது; இயங்குதளம் நினைத்த நேரத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டதால், அதை நம்பி வேகமான அச்சு இயந்திரத்தை ஓட்டப் பலர் தயங்கினார்கள். இப்போது குறித்த நேரத்தில் வேலையை முடிக்கும் நிகழ்நேர இயங்குதளமும், ஒரே கணினிக்குள் பல கணினிகளை மென்பொருளாக ஓட்டும் மெய்நிகராக்கமும் முதிர்ந்துவிட்டன. ஜெர்மனியில் ஆடி கார் நிறுவனம் மையக் கணினி அறையிலுள்ள மெய்நிகர் பி.எல்.சி.யைக் கொண்டு உற்பத்தியை இயக்கும் முயற்சியில் இறங்கியிருக்கிறது. பெரிய ஆலைகளில் இது வளரும் என்றே நினைக்கிறேன். சிறிய ஆலையில், ஒரு பெட்டி பழுதானால் அலமாரியிலிருந்து அதேபோன்ற பெட்டியை எடுத்து, மெமரி கார்டை மாற்றிச் செருகி, பத்து நிமிடத்தில் ஓட வைக்கும் வசதியை விட்டுக்கொடுக்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

பழைய எஸ்5 இன்னும் நன்றாக ஓடுகிறது. மாற்றத்தான் வேண்டுமா?

உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், உதிரி கார்டுகள் பழைய பொருள் விற்பவரிடம்தான் கிடைக்கும். ஓடும்போதே திட்டமிட்டு மாற்றுங்கள். நின்றபின் அவசரத்தில் மாற்றுவது மூன்று மடங்கு வேதனை. மாற்றும்போது, நிரலைப் புதிய மென்பொருள் தானாக மொழிபெயர்த்துத் தருவதை அப்படியே ஏற்றிவிடாமல் ஒவ்வொரு படியும் எதற்கென்று எழுதிக்கொண்டே போங்கள்.

நாங்கள் ஒரு ஹைட்ராலிக் இயந்திரத்தை மாற்றியபோது, வேலைப்பொருளை இறுகப் பிடித்திருக்கும் கிளாம்ப் திறக்கும் படிக்கு முன்னால் 1.8 வினாடி டைமர் ஒன்று இருந்தது. குறிப்பு எதுவும் இல்லை. சைக்கிள் நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று அதை எடுத்துவிட்டோம். இரண்டாம் நாள், எண்ணெய் அழுத்தம் முழுதாக இறங்குவதற்கு முன்பே கிளாம்ப் திறந்து, வேலைப்பொருள் துள்ளிக் காவல் கதவில் மோதியது. நல்லவேளையாகக் கதவு மூடியிருந்தது. ஓய்வுபெற்றுப் போயிருந்த பழைய ஃபோர்மேனிடம் தொலைபேசியில் கேட்டபோது, “அத யாருய்யா எடுத்தது?” என்றுதான் ஆரம்பித்தார். டைமரைத் திரும்ப வைத்தோம். எஸ்5 மென்பொருளில் தமிழ் எழுத்து ஏறாது, புதியதில் ஏறுகிறது. அந்தப் படிக்கு மேலே இப்போது, அழுத்தம் இறங்கக் காத்திருக்கும் நேரம், எடுக்காதே, என்று தமிழிலேயே எழுதியிருக்கிறது.